நாலாம் நம்பரின் வேகம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஒருவன், வேகம் என்ற ஒன்றைக் கவனிக்கத் தவறி, மனைவி விட்டுச்சென்ற கோப்பையை ஒரே பிற்பகலில் தொலைத்தான் என்றால் நம்புவது கடினம். நம்பலாம். அவன் நான்தான்.

என் மனைவி சரோஜா மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருந்தபோது, மகள் நித்யா மடிக்கணினியில் ஒரு கால்பந்து மேலாளர் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். அதில் பந்தை நாம் உதைப்பதில்லை. யார் ஆட வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்போது பாய வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். (“ஊட்டுல இத்தன வருசமா அதத்தானுங்க செஞ்சுட்டு இருக்கறேன்” என்றாள் சரோஜா.) மூட்டு சரியான பிறகும் அவள் விடவில்லை. கடைசிப் பிரிவில் கிடந்த அணியை ஆறு பருவங்களில் முதல் பிரிவுக்குக் கொண்டுவந்தாள்.

நான் நாளிதழோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆலோசனை வழங்குவேன். இவ்வளவு பலமான அணி ஏன் இப்படி ஒதுங்கி நிற்கிறது, தற்காப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றினால் என்ன, எதிரியை அவன் பாதியிலேயே நெருக்கிப் பந்தைப் பறித்தால் என்ன என்று கேட்பேன். “ஆகட்டுங்க” என்பாள். எதையும் மாற்ற மாட்டாள்.

ஏழாம் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம் மீதியிருக்கையில் அவள் போய்விட்டாள். அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

நான்கு மாதம் மடிக்கணினி மூடியே கிடந்தது. பிறகு நித்யா, அம்மாவின் பருவத்தை முடித்துவைக்க வேண்டும் என்றாள். சமன் செய்தாலே கோப்பை நமக்கு. ஆனால் தோற்றால் அதே ஆட்டத்தை மறுபடி ஆட முடியாது. “தோத்தா தோத்ததுதான்” என்று சரோஜா தொடக்கத்திலேயே நித்யாவிடம் அப்படியொரு ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

அந்த ஞாயிறு நித்யா பெங்களூரிலிருந்து எங்கள் நாமக்கல் வீட்டுக்கு வந்தாள். சரோஜாவின் அண்ணன், எடப்பாடியில் விசைத்தறி ஓட்டுபவர், வெற்றி உறுதி என்று ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்து சேர்ந்தார். நித்யாதான் ஆடுவதாக இருந்தது. நான் விடவில்லை. மூன்று வாரம் படித்துப் பதினொரு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். (வரைபடத் தாளில்.)

“அம்மா வெச்சது வெச்சபடியே உட்டுருங்கப்பா” என்றாள்.

உன் அம்மா கொஞ்சம் பயந்த சுபாவம் என்று விளக்கினேன். (அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் தோற்றிருக்க வேண்டும்.) தற்காப்பு வரிசையை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன். நெருக்குதலையும் உச்சத்தில் வைத்தேன்.

முதல் இருபது நிமிடம் என் குறிப்பேடு உயிர்பெற்று ஓடியது. ஒரு கோல் விழுந்தது. கரும்பலகையில் நிறுவி முடித்தவன்போல இருவரையும் திரும்பிப் பார்த்தேன். எதிரணி முழுவதும் தன் கோல் வாசலில் ஒடுங்கி நின்றது. என் ஆட்கள் எல்லாரும் அவர்கள் முன்னால் நின்றார்கள்.

மச்சான் மெதுவாகக் கேட்டார்: “ஏனுங்க மாப்ள, அத்தன பேரும் அந்தப்பக்கம் போயிட்டா ஊட்டுல ஆருங்க இருக்கறது?”

அவருக்குக் கோட்பாட்டை விளக்கத் தொடங்கினேன். முடிப்பதற்குள் சமன் ஆகிவிட்டது. தலைக்கு மேலே ஒரு நீளமான பந்து; அதன் பின்னால் அவர்களுடைய இளைஞன் ஒருவன். எங்கள் நாலாம் நம்பர், முப்பத்தேழு வயதுத் தற்காப்பாளர், திரும்பி முடித்தபோது பந்து வலைக்குள் இருந்தது. மேலும் மூன்று கோல்கள் அதே வழியில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பிறகு, மாணவனின் கையெழுத்துத்தான் சரியில்லை, சூத்திரம் சரி என்பதுபோல, எல்லாரையும் இன்னும் முன்னே தள்ளினேன். ஒன்றுக்கு நான்கு. கோப்பை வேறு ஊருக்குப் போயிற்று.

மைசூர்பாகு பிரிக்கப்படாமல் இருந்தது. நித்யா நாலாம் நம்பரின் பக்கத்தைத் திறந்தாள். வேகம், இருபதுக்கு ஆறு. அதன் கீழே குறிப்பெழுதும் இடத்தில் சரோஜா எழுதியிருந்தாள்: “மெதுவாத்தான் ஓடுவார். நல்ல மனுசன். விக்க மனசு வரல. லைனைக் கீழயே வெக்கோணும்.”

அணி முழுவதையும் அந்த ஒரு மனிதருக்காகத்தான் அவள் பின்னால் நிறுத்தியிருந்தாள்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். நித்யா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“அம்மா உங்களுக்கும் இப்படித்தானுங்கப்பா லைனை எறக்கி வெச்சிருந்தாங்க” என்றாள்.

விளக்கம் கேட்டேன். பேருந்து நேரமானாலும் முகூர்த்தமானாலும் அம்மா எனக்கு மட்டும் அரைமணி குறைத்தே நேரம் சொல்வாளாம். வீட்டில் எல்லாருக்கும் தெரியுமாம். கல்யாணமான முப்பத்தாறு ஆண்டுகளும் நான் என்னை நேரம் தவறாத மனிதன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (வகுப்பில் அதைப்பற்றி அறிவுரையும் சொல்லியிருக்கிறேன்.)

முதலில் மச்சான் சிரித்தார். அடுத்துச் சிரித்தது நான். நான்கு மாதத்தில் அதுவே முதல் முறை. “தோத்ததுக்குந் திங்கலாமுங்க” என்று மச்சான் மைசூர்பாகைப் பிரித்தார்.

அடுத்த பருவம் இப்போது நடக்கிறது. வரிசை கீழே இருக்கிறது. நாலாம் நம்பரின் ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்தேன். கோப்பை திரும்பவில்லை, ஆனால் ஞாயிறுதோறும் ஆட்டத்துக்கு நித்யா அழைக்கிறாள், எடப்பாடியும் இணைப்பில் வந்துவிடுகிறது. “நாலாம் நம்பரு சாப்டாச்சுங்களா?” என்பதுதான் மச்சானின் முதல் கேள்வி. உறவுக்குள் எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

சென்ற மாதம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் ஆறு மணிக்கு என்று நித்யா சொன்னாள். பத்திரிகையில் ஆறரை என்று இருந்தது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, ஆறு மணிக்கென்றே கிளம்பினேன்.