முதல்ல ஒரு வாய் குடிங்க

குளிர்பெட்டியின் மேல்தட்டு காலியாக இருந்தது. செலோம் கதவை மூடினான். மூன்று எண்ணி மறுபடியும் திறந்தான். அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

மணி ஒன்பது பத்து. பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தின் பாதுகாப்பைச் சோதிக்க ஆய்வாளர் வருகிறார்.

நேற்று மாலை உள்ளே மூன்று பாட்டில்கள் இருந்தன. மேலே ஒன்று, கீழே இரண்டு. இப்போது கீழே ஒன்றுதான் மிச்சம். மூன்றிலும் ஒரே கருஞ்சிவப்பு நீர். மேலே இருந்தது ஆய்வுக்கூட உதவியாளன் செலோமுடையது. அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் திரவத்தின் கையிருப்பு தீர்ந்துவிட்டால், காய்ந்த புளிச்சைப் பூவைக் கொதிக்கவைத்து அவனே தயாரித்துக்கொள்வான். பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பத்தில் ஒரு பங்கு எரிசாராயம் சேர்ப்பான். குடித்தால் கண் போய்விடும்.

கீழே இருந்த இரண்டும் பள்ளிச் சமையற்காரி கஃபூயி டாவியுடையவை. அதே பூ, அதே நிறம். ஆனால் இஞ்சியும் கிராம்பும் அன்னாசித் தோலும் போட்ட சோபோலோ. குடித்தால் இன்னொரு டம்ளர் கேட்கத் தோன்றும்.

சமையலறையின் குளிர்பெட்டி போன மாதம் உயிரை விட்டது. "ரெண்டே ரெண்டு பாட்டில்தான் தம்பி, ஒரு ஓரமா வச்சிக்கறேன்" என்று டாவி கேட்டபோது செலோம் மறுக்கவில்லை. அன்று அவன் தட்டில் இரண்டு மீன் துண்டுகள் விழுந்திருந்தன. சுவரில் அவன் கையெழுத்திலேயே எழுதி ஒட்டிய விதிகளில் நான்காவது, உணவையும் வேதிப்பொருளையும் ஓரிடத்தில் வைக்கக் கூடாது என்பது.

தன் பாட்டிலில் 'விஷம்' என்று காகிதம் ஒட்டித்தான் வைத்திருந்தான். அந்தக் காகிதம் ஈரத்தில் கழன்று இப்போது பனிக்கட்டியின் மேல் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

எடுத்தவர்கள் தட்டு மாற்றி வைத்திருக்கலாம் என்று, மிச்சமிருந்த பாட்டிலைத் திறந்து முகர்ந்தான். பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் தூசியில் பத்து நாளாக மூக்கடைப்பு. மண்ணெண்ணெயைக் கொடுத்திருந்தாலும் தண்ணீர் என்றுதான் சொல்லியிருப்பான்.

சமையலறைக்கு ஓடினான். சரியாகச் சொன்னால், ஆய்வுக்கூடத்தில் ஓடக் கூடாது என்பது முதல் விதி என்பதால் வாசல்வரை வேகமாக நடந்து, அதற்குப் பிறகு ஓடினான்.

"டாவி, பாட்டில எந்தத் தட்டிலேர்ந்து எடுத்தீங்க?"

"கை ரெண்டு, பாட்டில் ரெண்டு. எடுத்தேன். தட்டுக்கெல்லாம் யாரு கணக்கு வச்சிருக்கா?"

"எங்க அது?"

டாவி தன் முன்னாலிருந்த பெரிய கண்ணாடி ஜாடியைக் கரண்டியால் காட்டினாள். இரண்டு பாட்டிலும் அதில் ஒன்றாகியிருந்தன. பனிக்கட்டிகள் மிதந்தன.

"ருசி பார்த்தீங்களா?"

"இன்னிக்கு சர்ச்சுல உபவாசம். பச்சைத் தண்ணி கூட பல்லுல படல."

செலோமுக்கு ஒரு மூச்சு திரும்பியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அடுத்த கணமே, இவளிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும் என்றும் நினைத்தான். நேற்றுதான் தலைமையாசிரியை மேடம் மாவுசி அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "நாளைக்குத் தேறலைன்னா ஆய்வுக்கூடத்தைப் பூட்டிடுவாங்க. கடைசி வருஷப் பிள்ளைங்க அறுபத்துநாலு பேரும் செய்முறைத் தேர்வுக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி ஆம்பளப் பசங்க பள்ளிக்கூடத்துக்குப் போகணும். பூட்டின ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளர் எதுக்குன்னு எனக்குத் தெரியல செலோம். உனக்குத் தெரியுமா?"

அவனுக்கும் தெரியவில்லை. ஆகவே டாவியிடம், "இது புளிச்சிடுச்சு போல இருக்கு, கொட்டிடுங்க" என்றான்.

கரண்டி நின்றது.

"என்ன சொன்னே?"

"இல்ல, நிறம் ஒரு மாதிரி..."

"இருபது வருஷமா சோபோலோ போடறேன். மூக்கு ஒழுகற பையன் வந்து எனக்கு நிறம் சொல்றான். நகரு. நானே கொண்டுபோய், அந்தப் பெரிய மனுஷன் குடிச்சு ஏப்பம் விடறவரைக்கும் பக்கத்துலயே நிக்கறேன்."

வாசலில் கார் சத்தம் கேட்டது. மணி ஒன்பதரை. அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குறிப்பேடு. பின்னிருக்கையில் ஓர் அம்மாள் மட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இறங்கவில்லை. மேடம் மாவுசி படியிறங்கி வந்து இரண்டு கையாலும் அவரை வரவேற்றார்.

"நான் துமாசி. அக்ராவிலேர்ந்து..."

"அதெல்லாம் அப்புறம் சார். உள்ள வாங்க, உட்காருங்க. முதல்ல ஒரு வாய் குடிங்க."

அவரும் உடனே வாயை மூடிக்கொண்டார். நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர் என்பது தெரிந்தது. தொண்டை நனைவதற்கு முன் வந்த காரியத்தைக் கேட்பதும் தப்பு, சொல்வதும் தப்பு.

டாவி ஜாடியை மேசைமேல் வைத்தாள். செலோம் கையில் சமையல் சோடா டப்பாவுடன் பின்னாலேயே நுழைந்தான். அதை ஏன் எடுத்துவந்தான் என்பது அவனுக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

"மேடம், ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?"

"அப்புறம் செலோம்."

"அவசரம் மேடம்."

"விருந்தாளி தாகமா இருக்காரு செலோம்." மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது.

துமாசி ஜாடியைக் கூர்ந்து பார்த்தார். "இந்த ஒரு ஜாடி எத்தனை பேருக்கு வரும்?"

"இருபது பேருக்கு தாராளமா வரும் சார்" என்றாள் டாவி.

குறித்துக்கொண்டார். எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கணக்கெடுக்கிறார் என செலோமுக்குத் தோன்றியது. அவர் டம்ளரைக் கையிலெடுத்து உதட்டருகே கொண்டுபோனார்.

செலோம் பாய்ந்து அதைப் பிடுங்கினான். வலது கையில் டப்பா இருந்தது. ஆகவே இடது கையால் பிடுங்கினான்.

விருந்தாளி கையிலிருந்து பிடுங்குவது ஒன்று. இடது கையால் பிடுங்குவது வேறு. டாவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க சார், வலது கை வேலையா இருந்துச்சு" என்ற செலோம், தானே எதிர்பாராத ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து சொன்னான்: "எங்க பள்ளிக்கூடத்துல எதையும் சோதிக்காம வாயில வைக்கறதில்ல. பாதுகாப்பு விதி."

டம்ளரில் ஒரு கரண்டி சோடாவைப் போட்டான். நுரை பொங்கி மேடத்தின் மேசை விரிப்பில் வழிந்தது. சிவப்பு நீர் நீலமாகி, பிறகு குளத்துப் பாசி நிறத்தில் நின்றது. எரிசாராயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்படித்தான் ஆகும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன காட்டுது?" என்றார் மேடம்.

"புளிப்பு இருக்குன்னு காட்டுது மேடம்."

"சோபோலோ புளிக்கும்னு தெரிஞ்சிக்க இவ்வளவு படிப்பு" என்றாள் டாவி.

துமாசி மட்டும் முன்னால் சாய்ந்தார். "பச்சையாவும் வருமா இது? அழகா இருக்கே." அதையும் எழுதிக்கொண்டார்.

டாவி புது டம்ளரில் ஊற்றத் தொடங்கினாள். செலோம் ஜாடியையே தூக்கிக்கொண்டான், இந்த முறை இரண்டு கையாலும். "இன்னொரு சோதனை பாக்கி இருக்கு சார். அது ஆய்வுக்கூடத்துலதான் முடியும்."

அவன் முன்னால் போனான். ஜாடியைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடி துமாசி பின்னால் போனார். அவருக்குப் பின்னால் மேடம், கடைசியில் டாவி.

சாராயம் கலந்திருந்தால் தீப்பிடிக்கும் என்பது செலோமின் கணக்கு. ஒரு பீங்கான் கிண்ணத்தில் இரண்டு கரண்டி ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினான். பிடிக்கவில்லை. மனம் ஒரு வினாடி லேசானது. பத்தில் ஒரு பங்கு என்றால் எப்படியும் பிடிக்காது, ஆகவே இதுவும் எதையும் நிரூபிக்கவில்லை என்று அடுத்த வினாடி தெரிந்தது. இந்த யோசனையில் குச்சியைக் கீழே போட்டான். அது கரும்பலகை துடைக்கும் துணிமேல் விழுந்தது.

துணி நன்றாகப் பிடித்துக்கொண்டது.

"மணல்" என்றார் மேடம்.

செலோம் மணல்வாளியை இழுத்தான். காலி. விளையாட்டு விழாவுக்கு நீளம் தாண்டும் குழி போதவில்லை என்று போன வாரம் பிள்ளைகள் கேட்டு வாங்கிப்போயிருந்தார்கள். தீ மேசை விளிம்பை எட்டியது. கைக்கெட்டும் தூரத்தில் ஜாடி இருந்தது. முழுவதையும் ஊற்றினான்.

தீ அணைந்தது. மேசையிலிருந்து சிவப்பு நீர் சொட்டியது. துமாசியின் வெள்ளைச் சட்டை இடுப்புவரை சிவந்திருந்தது. செலோமின் மனத்துக்குள் ஒரு சின்ன மணி அடித்தது: ஜாடி காலி, இனி யாரும் குடிக்க முடியாது.

அப்போது துமாசி சட்டையைத் தொட்டார். விரலில் ஒட்டிய துளியைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாக்கருகே கொண்டுபோனார்.

செலோம் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துச் சென்று, கையையும் சேர்த்து முகத்தையும் கழுவிவிட்டான். "ஆறாவது விதி சார். எது தெறிச்சாலும் உடனே நிறைய தண்ணி."

துமாசி நனைந்த முகத்தோடு நிமிர்ந்தார். கோபமில்லை. ஏதோ துக்க வீட்டில் நிற்பதுபோல மேசையிலிருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிச்சம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார், இன்னொரு பாட்டில் இருக்கு" என்ற டாவி, யாரும் தடுப்பதற்குள் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியைத் திறந்தாள். அமிலப் புட்டிகளுக்கும் தவளைக் குடுவைக்கும் நடுவே கையை விட்டுப் பாட்டிலை எடுத்தாள்.

மேடம் மாவுசியின் பார்வை பாட்டிலிலிருந்து சுவருக்குப் போய், நான்காவது விதியில் நின்றது.

டாவி மூடியைத் திறந்தாள். துமாசி கையை நீட்டினார், வலது கையை.

செலோம் இருவருக்கும் நடுவில் போய் நின்றான். அறுபத்துநாலு பிள்ளைகளையும் முப்பது கிலோமீட்டரையும் நினைத்தான். எதிரிலிருந்த மனிதரின் இரண்டு கண்களையும் பார்த்தான்.

"குடிக்காதீங்க சார். மூணு பாட்டில்ல ஒண்ணு என்னோடது. அதுல எரிசாராயம் இருக்கு, எந்தப் பாட்டில்னு தெரியல. சாப்பாட்டுச் சாமானை இங்க வைக்க விட்டது நான்தான். மணல்வாளிய காலி பண்ண விட்டதும் நான்தான். டாவி மேல தப்பு இல்ல, மேடத்துக்கு எதுவும் தெரியாது. எல்லாத்தையும் என் பேர்ல எழுதிக்கோங்க."

பாட்டிலை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தான். மேடம் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

துமாசி குறிப்பேட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார். பிறகு எதுவும் எழுதாமல் மூடினார்.

"அப்ப ஒரு சொட்டுகூட இல்ல" என்றார்.

"இல்ல சார்."

வாசலில் நிழல் விழுந்தது. காரிலிருந்த அம்மாள் விசிறிமட்டையோடு வந்து நின்று, தன் அண்ணனின் சிவந்த சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னண்ணே, இன்னுமா குடிச்சுப் பாக்கல? நாளான்னைக்கு உங்க பொண்ணு கல்யாணம், நானூறு பேருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்து டாவி போடற சோபோலோதான் வேணும்னு விடியறதுக்கு முன்னாடி என்னை எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்களே."