தன்மை ஒருமை

காலை ஐந்தரைக்கு எழுந்தான். பாலைக் காய்ச்சி இறக்கினான். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றான். பிறகு குளித்தான். ஆறரைக்கு மகளை எழுப்பினான். இரண்டு முட்டை, நான்கு துண்டு ரொட்டி. அவள் தட்டில் ஒதுக்கிவைத்த ரொட்டி ஓரங்களைப் பாத்திரம் கழுவும் தொட்டி அருகே நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டான். ஏழு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா. சுடச்சுட."

"பொண்ணு?"

"நல்லா இருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

மனைவி இறந்து பத்து மாதம் ஆகிறது. பத்து மாதமாக இதே வரிசை. ஒரு வரிகூட மாறியதில்லை.

மாற்றம் வந்தது ஒரு திங்கட்கிழமை. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பாவைப் பள்ளிப் பைக்குள் திணிக்கும்போது உள்ளிருந்து ஒரு சிறிய புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. நூலால் தைத்த பதினாறு பக்கம். அட்டையில் கொட்டை எழுத்தில் 'நான்'. பெயர் இல்லை.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. ஒவ்வொரு குழந்தையும் தன்னிடம் தனக்குப் பிடித்ததைத் தானே எழுத வேண்டும். குழந்தைகள் தங்களைத் தாங்களே மதிக்கப் பழகுவதற்கு. பெயரைக் கடைசி நாளில்தான் போட வேண்டும். அடியில் தடித்த எழுத்தில்: 'பெற்றோர் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். பிழை திருத்த வேண்டாம்.' அவன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

பிரித்தான்.

'நான் நன்றாகப் பொய் சொல்வேன். எல்லாரும் நம்பிவிடுவார்கள்.'

சுவரில் சாய்ந்துகொண்டான்.

'யார் மிச்சம் வைத்தாலும் அதை நான் சாப்பிட்டுவிடுவேன்.'

'குழாயைத் திறந்துவிட்டால் உள்ளே நான் என்ன செய்கிறேன் என்று வெளியே தெரியாது.'

'ஓர் ஆளை நான் தனியாகவே பார்த்துக் கொல்கிறேன்.'

கடைசி வரியை இரண்டு தடவை படித்தான். அடுத்த நொடி கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். சிவப்புப் பேனா வெளியே வந்தது, 'ல்' மேல் ஒரு கோடு விழுந்தது, ஓரத்தில் 'ள்' உட்கார்ந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

கொலை இல்லை, எழுத்துப்பிழை. அந்த நிம்மதி குளியலறைக் கதவு திறக்கும்வரைகூடத் தாங்கவில்லை. பார்த்துக்கொள்கிறாள், சரி. யாரை?

பள்ளிக்குப் போகும் வழியில், வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் நைசாகக் கேட்டான்.

"பாப்பா, நீ யாரையாவது பார்த்துக்கிட்டு இருக்கியா?"

"இப்பவாப்பா?"

"பொதுவா."

"உன் முதுகைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். வேற எதுவும் தெரியலையே."

பதில் உடனே வந்தது. தயங்கவே இல்லை. நன்றாகத்தான் பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வழியில்லை. காரணம், அக்காவுடன் ஓர் ஒப்பந்தம் இருந்தது. "இந்த வருஷப் பரீட்சை வரைக்கும் பாரு. ஒத்தை ஆளா உன்னால முடியலேன்னா, கௌரவம் பார்க்காம என்கிட்ட விட்டுடு. நான் வளர்க்கிறேன்." சரி என்று தலையாட்டியிருந்தான். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம். அக்கா வீடு ரயிலில் ஒன்பது மணி நேரம்.

அன்று மாலை அலுவலகத்திலிருந்து நல்ல ரப்பர் ஒன்றைக் கொண்டுவந்தான். மகள் விளையாடப் போன நேரம் பார்த்துச் சிவப்பு மையை அழித்தான். மை போகவில்லை, தாள் போயிற்று. 'கொல்கிறேன்' இருந்த இடத்தில் ஒரு கண் அளவுக்கு ஓட்டை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் குளிக்கும்போது, கையால் வேண்டாம் என்று ஒரு கரண்டிக் காம்பால் அட்டையைத் தூக்கிப் பார்த்தான். புதிய வரி வந்திருந்தது.

'அடுத்தவர் புத்தகத்தில் கை வைக்காமல் என்னால் இருக்க முடியாது.'

திருட்டு!

பென்சில் பெட்டியைக் கொட்டினான். அவன் வாங்கித் தராத ரப்பர் ஒன்று உருண்டது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட வேகத்தில் குளியலறைக் கதவைத் தட்டினான்.

"பாப்பா! இந்த ரப்பர் யாரோடது?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "நீ நேத்து என் பெட்டியில வச்சதுப்பா. உங்க ஆபீஸ் பேர் போட்டிருக்கு பாரு."

போட்டிருந்தது.

"சரி சரி. குழாயை ஏன் நிறுத்தினே? உள்ள என்ன பண்றே?"

"குளிக்கிறேன். குளியலறையில வேற என்னப்பா பண்ணுவாங்க?"

கதவுக்குப் பக்கத்திலேயே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். சோப்பு விழுந்தது. பாட்டு ஒன்று பாதியில் ஆரம்பித்துப் பாதியில் நின்றது. சந்தேகப்படும்படி எதுவும் கேட்கவில்லை. அதுதான் சந்தேகமாக இருந்தது.

மிச்சம் தின்னும் விஷயத்துக்கும் ஒரு வழி செய்தான். பிறர் டப்பாவில் கை வைக்காமலிருக்க, அன்று இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தான். இரண்டும் பாதிப் பாதி காலியாகித் திரும்பி வந்தன.

"ஏன்பா ரெண்டு?"

"பசிக்குமேன்னு."

"எனக்கு ஒரு வயிறுதானே இருக்கு?"

இரண்டு டப்பாவின் மிச்சத்தையும் அவனே நின்றபடி தின்று தீர்த்தான். வயிறு கல்லாகிவிட்டது.

புதன்கிழமை வரி இன்னும் மோசம்.

'கதவுக்குப் பின்னால் சத்தம் போடாமல் நிற்பது எனக்கு நன்றாக வரும்.'

அப்படியானால் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்ததை எல்லாம் அவள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். எட்டு வயதில் வேவு பார்க்கிறாள். சொந்த வீட்டில், பெற்ற அப்பனை.

அச்சகத்தில் அன்று ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. முதுகுத் தைலம் ஒன்றின் விளம்பரத்தில் 'மூன்றே நாளில் வழி தீரும்' என்று அச்சாகி, ஐயாயிரம் பிரதி கட்டி வைத்த பிறகு மேலாளர் வந்து மேசையருகே நின்றார்.

"ஏம்ப்பா, வீட்டுல எதாச்சும் பிரச்சனையா?"

"இல்ல சார். நல்லா இருக்கோம்."

"அப்ப சரி," என்று நம்பிக்கையோடு போய்விட்டார்.

ஒளிந்திருப்பவளைப் பிடிக்க ஒரே வழி, அவளுக்கு முந்தி ஒளிந்துகொள்வது. மாலை ஆறு மணிக்கு அவன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றான். கால் மணி நேரம். ஒரு கொசு மூக்கின்மேல் உட்கார்ந்து, சாவகாசமாகக் குடித்துவிட்டுப் போனது. மகள் வந்தாள். தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்தாள். வாசலில் திரும்பி நின்றாள்.

"அப்பா, லைட் போட்டுட்டுப் போகட்டுமா? உள்ள இருட்டா இருக்கும்."

"ம்," என்றது கதவு.

வியாழன் காலை ஏழு மணிக்கு அக்காவின் போன் வந்தபோது, பத்து மாதத்தில் முதன்முறையாக அவன் வரிசை மாறிப்போயிற்று.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்றதற்கு, "தெரியலக்கா," என்று சொல்லிவிட்டான்.

அந்த ஒரு சொல் போதும். மாலைக்குள் அக்கா ஒரு பெரிய பெட்டியோடு வாசலில் நின்றாள். அடுத்த ஊருக்கு ஏதோ வேலையாக வந்திருந்தாளாம். காலிப் பெட்டி எதற்கு என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும் அக்கா கையை நீட்டினாள். அவன் புத்தகத்தைக் கொடுத்தான். அவள் உரக்கப் படித்தாள்.

"பொய் சொல்வாளாம். எச்சல் தின்பாளாம். அடுத்தவங்க பொருள்ல கை வைப்பாளாம். ஒளிஞ்சு நின்னு கேட்பாளாம். ஏண்டா, இது பள்ளிக்கூடப் புத்தகமா, போலீஸ் ஸ்டேஷன் வாக்குமூலமா? இங்க என்னடா ஓட்டை?"

"அது எழுத்துப்பிழைக்கா."

"பிழைன்னா ஓட்டையா விழும்?"

"திருத்தினேன்."

"யாரையோ பார்த்துக்கிறாளாமே. யாரு அது?"

"நாலு நாளா அதைத்தான் தேடறேன்."

அக்கா புத்தகத்தை மூடினாள். குரலைத் தணித்துக்கொண்டாள். அவள் குரல் தணிந்தால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று பொருள்.

"உன்மேல தப்பில்லடா. நீ உன்னால முடிஞ்சதைப் பண்ணே. நாளைக்குப் போய் டி.சி. கேட்டு எழுதிக் குடு. பரீட்சையை அங்க வந்து எழுதிக்கட்டும்."

அவன் வாதாடவில்லை. எதை வைத்து வாதாடுவது? எழுத்துப்பூர்வமாக இருக்கிறது.

மகள் விளையாடி முடித்து வந்ததும் பெட்டியைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"அப்பா, என்னை அனுப்பறியா?"

"லீவுக்குத்தான் கண்ணு. கொஞ்ச நாள். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் ஜாலியா இருப்பேன்."

அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிப்பா," என்றாள்.

வெள்ளிக்கிழமை. பால். குழாய். முட்டை. மகள் குளிக்கப் போனதும் கடைசியாக ஒருமுறை என்று புத்தகத்தைத் திறந்தான். ஒரே ஒரு வரி சேர்ந்திருந்தது.

'நேற்றுச் சொன்ன பொய் மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை.'

நேற்று அவள் என்ன பொய் சொன்னாள்? அவன் யோசித்து யோசித்துப் பார்த்தான். அவள் சொன்னதே ஒரு சொல்தான். "சரிப்பா." அவ்வளவுதான்.

அப்படியானால் அவளுக்குச் சரியில்லை. போக மனமில்லை. அது புரிந்ததும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினான். ஆனால் மற்ற வரிகள்? அவையும் அவள் கையெழுத்தில்தானே இருக்கின்றன?

பள்ளி விட்டதும் அக்காவைப் பெட்டியோடு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு பையில் புத்தகத்தையும் டி.சி. விண்ணப்பத்தையும் வைத்துக்கொண்டு போனான். வகுப்பில் டீச்சர் தனியாக இருந்தாள். மகள் வெளியே ஊஞ்சலில். சின்ன நாற்காலிகள்தான் இருந்தன. முழங்கால் முகவாயில் இடிக்க ஒன்றில் உட்கார்ந்தான். சுவரோரமாகக் கொடி கட்டி, துணி கிளிப்புகள் போட்டு, முடிந்த புத்தகங்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

விண்ணப்பத்தை நீட்டினான். டீச்சர் படித்தாள்.

"திடீர்னு ஏன் சார்?"

அவன் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பிரிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டீங்களே."

"பிழை மட்டும் பார்த்தேன்."

"திருத்தக் கூடாதுன்னும் போட்டிருந்தோமே."

"ஒரே ஒரு எழுத்து," என்றான். பிறகு அடக்க முடியாமல் எல்லாம் கொட்டிவிட்டது. "டீச்சர், எம்பொண்ணு தங்கமான பொண்ணு. இல்ல, தங்கமான பொண்ணுன்னுதான் நினைச்சேன். நான்தான் சரியா வளர்க்கல. பொய், திருட்டு, ஒட்டுக்கேட்கிறது. எல்லாம் அவளே எழுதியிருக்கா. 'நான், நான்'னு வரிக்கு வரி எழுதியிருக்கா. யாரையோ தனியாப் பார்த்துக்கிறாளாம், அது யாருன்னாவது சொல்லுங்க. அவளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம நான் எப்படி அவளை ரயில் ஏத்துவேன்?"

டீச்சர் புத்தகத்தைப் பிரித்தாள். முதல் வரியில் புருவம் உயர்ந்தது. அவனை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டாவது வரி, மறுபடி ஒரு பார்வை. குழாய் வரிக்கு வந்ததும் அவள் அவனைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள். ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்துச் சிரித்தாள். கடைசி வரி முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். டி.சி. விண்ணப்பத்தை நான்காக மடித்து அவன் சட்டைப்பையில், சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில் செருகினாள்.

மாலை வீட்டுக்குத் திரும்பியதும், டீச்சர் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசியதாகவும், பிள்ளையை இப்போது இடம் மாற்றவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டதாகவும் அவன் அக்காவிடம் சொன்னான். அக்கா நம்பிவிட்டாள். காலிப் பெட்டியோடு ரயிலேறிப் போனாள்.

டீச்சர் உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

"உங்க பொண்ணு அவளோட புத்தகத்தைப் போன வாரமே முடிச்சுக் குடுத்துட்டா சார், அதோ கொடியில மூணாவதா தொங்குது; 'எங்கப்பாவுக்கு அவரைப் பத்தி நல்லதா ஒண்ணுமே தோணாது டீச்சர், அவருக்குப் பதிலா நானே எழுதிடறேன்'னு இன்னொண்ணு கேட்டு வாங்கிட்டுப் போனாளே, அதுதான் இது."