சூலக்கரைக் கிணற்றில் ஒரு நங்கூரம்

மாமனார் கம்பெனியில் சேரும் மாப்பிள்ளையை ஊரில் யாரும் வேலைக்காரன் என்று சொல்ல மாட்டார்கள். முதலாளி என்றும் சொல்ல மாட்டார்கள். நடுவில் ஓர் இடம் உண்டு. ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி, கையில் அன்றைய பேப்பர், மணிக்கொரு டீ. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

மாமனாருக்குச் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை. வீடும் தோட்டமும் சூலக்கரையில். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இந்த சீசனுக்குப் புதுசா ஒரு ராக்கெட் விடப்போறோம். பேரு, லேபிள் எல்லாம் நீங்க பாருங்க. நல்லா வந்தா சேல்ஸ் பூரா உங்க கைக்கு வந்துரும். வரலைன்னா காரியாபட்டியில அட்டை குடோன் இருக்கு, அதைப் பாத்துக்கிடுங்க."

காரியாபட்டி குடோனின் மொத்த ஜனத்தொகை பழைய அட்டைகளும் பெருச்சாளிகளும்தான். அவற்றுக்குத் தலைவனாக எனக்கு விருப்பமில்லை. ராப்பகலாக யோசித்து, 'நங்கூரம் மார்க் ராக்கெட்' என்று பெயர் வைத்தேன். லேபிளில் ஒரு பாய்மரக் கப்பல், அதன் முன்னால் நிஜ நங்கூரத்தின் போட்டோ. (கடலை நான் அதுவரை இரண்டே முறைதான் பார்த்திருந்தேன். இரண்டு முறையும் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தேன்.)

தூத்துக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் நங்கூரம் அகப்பட்டது. எஞ்சின் வராத காலத்துப் பாய்த்தோணியுடையதாம். என் தோள் உயரம், உடம்பெல்லாம் துரு. லோடு வண்டியில் ஏற்றி, ஜெயித்துவந்த தளபதி மாதிரி முன்சீட்டில் உட்கார்ந்து, நேரே ஆலை வாசலுக்குப் போனேன்.

வாசலில் ஃபோர்மேன் கையைக் குறுக்கே நீட்டினார். பட்டாசு ஆலைக்குள் இரும்பு போகக் கூடாது. உரசினால் பொறி வரும். பெண்கள் கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இது எங்கள் ஊர்ப் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வருடமாக அந்த ஆலையின் சம்பளம் வாங்கிய எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை.

"மாப்ள சார், சாவிக்கொத்தையே வாங்கி வைக்கிற எடம் இது. இதை எங்கன வைக்க?" என்றார்.

ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா வண்டியை எட்டிப் பார்த்தார். "யாருக்குங்கய்யா இம்புட்டுப் பெரிய கொண்டை?"

ஆக, நங்கூரம் சூலக்கரைத் தோட்டத்துக்குப் போயிற்று. துருவைத் தேய்த்துக் கழுவ வசதியாக, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றின் ஓரத்தில் இறக்கி வைத்தார்கள். மறுநாள் போட்டோகிராபர் வருவதாக ஏற்பாடு.

மறுநாள் அவருக்கு முன்னால் போன் வந்தது. இரும்புக் கடைக்காரர்.

"அண்ணாச்சி, நீங்க வாங்கிட்டுப் போன சாமான் வழக்குல உள்ளது போல. ரெண்டு கூட்டம் வேன் பிடிச்சு உங்க வீட்டுக்குத்தான் வருது. நான் கடைய அடைச்சிட்டேன்."

வைத்துவிட்டார். அவர் அடைத்தது கடையை. எனக்கு அடைத்தது காது இரண்டும். திருட்டுச் சொத்து, போலீஸ், விலங்கு, தலைகுனிந்த மாமனார் என்று வரிசையாகப் படம் ஓடியது. கடைசிக் காட்சியில் பெருச்சாளிகள் எனக்கு மாலை போட்டன.

சாமான் இல்லையென்றால் வழக்கும் இல்லை என்று எனக்குள் ஒரு வக்கீல் சொன்னான். கடப்பாரையை எடுத்தேன். (வீட்டில் ஒரு தேங்காய் உரிக்க நாலு பேரைக் கூப்பிடுகிறவன் நான். பயம் வந்தால் மனிதனுக்கு வரும் பலம் தனி.) ஆனாலும் போட்டோ எடுக்க வேண்டுமே. வேன் போனபிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று, நங்கூர வளையத்தில் லாரிக் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் என் மனைவி சாந்தியின் சிவப்புப் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டினேன். நெம்பிக் கிணற்றுக்குள் தள்ளினேன். கிணற்றுத் தண்ணீரில் பாதி என்மேல் வந்து விழுந்தது.

சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் வேன் வந்துவிட்டது. ஒரே வேன்தான், ஆனால் ஒரு கூட்டம் முன்கதவில் இறங்கியது, இன்னொரு கூட்டம் பின்கதவில். மாமனார் எல்லாருக்கும் கலர் உடைத்துக் கொடுத்தார். போலீஸ் யாரும் இல்லை.

சூசை என்பவர் ஆரம்பித்தார். "அண்ணாச்சி, எங்க தாத்தா தோணியோட நங்கூரம் அது. புயல்ல மாட்டி, கயித்த வெட்டிவிட்டு, பாயை விரிச்சு ஓடுனதால உசிரு தப்புச்சு. கடல் அமந்ததும் வந்து தேடுனா, இவுக தாத்தா எடுத்துட்டுப் போயிட்டாரு."

எதிர்ப்பக்கத்திலிருந்து மிக்கேல் என்பவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "எடுத்தாரு. யாரு இல்லைன்னா? வெட்டிவிட்ட நங்கூரத்துல மிதவை கட்டியிருந்தா அது உடையவனுக்கு. கட்டாம விட்டிருந்தா எடுத்தவனுக்கு. கடல்ல அதான வழமை?"

"மிதவை கட்டித்தான் விட்டாரு வே."

"நீ பாத்தியா?"

"கட்டலைன்னு நீ பாத்தியா?"

இருவரும் அப்போது பிறக்கவே இல்லை. இரண்டு தலைமுறையாகப் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போவதில்லை. இந்தச் சண்டையின் நடுவில் எவனோ நங்கூரத்தையே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். அவனிடமிருந்து கைமாறிக் கைமாறிக் கடைசியில் என்னிடம் வந்திருக்கிறது.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, அந்தச் சாமான் எங்க?"

"எந்தச் சாமான் மாமா?"

"நேத்து வண்டியில வந்துச்சே."

"அது ஆலையில இருக்கு."

"ஆலையிலயா? அம்புட்டு இரும்பையா?" மாமனார் எழுந்துவிட்டார்.

"இல்ல மாமா, இருக்கன்குடிக் கோயிலுக்கு நேந்துக்கிட்டு..."

அம்மன் என்னைக் கைவிட்ட நேரம் அதுதான். தோட்டத்திலிருந்து சாந்தியின் குரல் வந்தது. "ஏங்க, என் செவப்புக் குடம் ஏன் கெணத்துல மெதக்குது?"

எல்லாரும் போய்க் கிணற்றைச் சுற்றி நின்றோம். குடம் அழகாக மிதந்தது. கயிறு நேராகக் கீழே இறங்கியது. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"மிதவை கட்டித்தான் விட்டிருக்காரு" என்றார் மிக்கேல்.

"ஆமா" என்றார் சூசை. "முடிச்சுதான் மட்டம்."

இரண்டு தலைமுறையில் இரு வீட்டாரும் ஒத்துப்போன முதல் விஷயம் நான் மடையன் என்பது. வழமைப்படி நங்கூரம் மிதவை கட்டியவனுக்கு, அதாவது எனக்கு என்று தீர்ப்பாயிற்று. "அவுககிட்ட போறதுக்குப் பதிலா, அண்ணாச்சி, உங்க கெணத்துலயே கெடக்கட்டும்" என்று சூசை என் காதில் சொன்னார். கொஞ்சம் கழித்து மிக்கேலும் வந்து அதையே சொன்னார். போகும்போது எல்லாரும் ஒரே கதவில் ஏறினார்கள். வேன் திரும்பும்வரை உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

மாமனார் மட்டும் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ளே, ஒண்ணு கேக்கணும். ராக்கெட்டுங்கிறது மேல போற சாமான். அதுக்கு எதுக்கு நங்கூரம்?"

சத்தியமாக, அதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த சீசனில் ராக்கெட் வேறு பெயரில் வந்தது. நான் காரியாபட்டிக்குப் போனேன். லோடுமேன்கள் நாலு பேர் கயிற்றை இழுத்தபோது என் முடிச்சு அவிழ்ந்து, குடம் மட்டும் மேலே வந்தது. நங்கூரம் இன்னும் அடியில்தான் கிடக்கிறது. அன்றிலிருந்து எங்கள் கிணறு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா, "சம்பந்தி என்ன செய்யிறாக?" என்று கேட்டார். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "எங்க கெணத்துல கப்பல் நிறுத்தியிருக்காரு."

முழுக் கதையும் சொல்லப்பட்டது. சிரித்த சிரிப்பில் சம்பந்தம் உறுதியாயிற்று. இப்போது சீர்ச் சாமான்களில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குடம் உட்கார்ந்திருக்கிறது. வருங்கால மருமகனிடம் சாந்தி அதைக் காட்டிச் சொல்லியும் விட்டாள்:

"மாப்ளே, எதை ஒளிச்சு வச்சாலும் இதைக் கட்டி ஒளிச்சு வைங்க. உங்க மாமா மாதிரி முடிச்சு மட்டும் போட்டுராதீங்க."