ஆம்ப்ளிஃபையருக்குப் போட்ட பூஜை

பக்தி எனக்குக் கொஞ்சம் அதிகம். மூளை அந்த அளவுக்கு இல்லை என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருத்தணி மலைமேல், நாலு பேர் பார்க்க நிரூபணமானது.

என் அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருக்கிறோம். அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்று கூப்பிடுவேன். (எங்கள் பக்கம் பாதி தமிழ், பாதி தெலுங்கு. சண்டை வந்தால் முழுத் தெலுங்கு.) பாவா லுங்கி வியாபாரி. தங்கமான மனிதர். ஆனால் பாட்டு விஷயத்தில் மட்டும் ஒரு மாதிரி. காதில் கேட்டால் அவருக்குப் போதாது, நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் கார் வாங்கப் போனபோது எல்லோரும் பானெட்டைத் திறந்து பார்க்க, இவர் டிக்கியைத் திறந்து பார்த்தார். உள்ளே பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும், அதை அலற வைக்கும் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் இருந்தன. இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்த அளவில் கறுப்பாக ஓர் உலோகப் பெட்டி. அதைப் பார்த்ததுமே காரை வாங்கிவிட்டார். என்ஜின் இருக்கிறதா என்று அப்புறம்தான் கேட்டார்.

அந்தப் பாவாவுக்கு ஒரு தங்கை. பெயர் ஹேமா. அவளை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்குச் சம்மதம். எனக்குச் சம்மதம் என்பது சின்ன வார்த்தை. அக்காவைப் பார்க்கப் போகிற சாக்கில் வாரத்துக்கு மூன்று தடவை பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஹேமா என்ன நினைக்கிறாள் என்று மட்டும் தெரியாது. தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், உள்ளே போய்விடுவாள். கடைசி வார்த்தை பாவாவுடையது. அவர் விஜயவாடாவுக்குச் சரக்கோடு போகிறார், சனிக்கிழமை திரும்பி வந்து பதில் சொல்கிறேன் என்றார். கிளம்பும்போது கார் சாவியை என் கையில் வைத்தார்.

"மலைமேல எடுத்துனு போய் ஒரு பூஜை போட்டுகினு வந்துடு. பின்னாடி பெட்டிய மட்டும் தொடாத."

மாப்பிள்ளைக்கு வைக்கிற பரீட்சை என்று புரிந்துகொண்டேன். சரியாகத்தான் புரிந்துகொண்டேன். பரீட்சை எழுதியதில்தான் கோளாறு.

செவ்வாய்க்கிழமை காலை காரைக் கழுவி, மாலை போட்டு மலைமேல் ஏற்றினேன். கோயில் பக்கத்தில் எனக்கு முன்னால் மூன்று வண்டிகள் பூஜைக்கு நின்றன. என் முறை வந்தது. பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து முடித்தார் பூஜை போடுகிறவர். அத்தோடு சாவியைத் திருப்பியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தக் காரில் பாவாவின் உயிர் பானெட்டிலா இருக்கிறது? டிக்கியைத் திறந்தேன்.

"இதுக்கும் போடுங்க சாமி. இதான் முக்கியம்."

அவர் ஒரு பார்வை பார்த்தார். கரண்ட் சாமான், வேண்டாம் என்றார். ஆயுத பூஜைக்குத் தறிக்கே பொட்டு வைக்கிற ஊர்க்காரன் நான், இதற்கு வைக்கக்கூடாதா என்று வாதாடினேன். (பெட்டியைத் தொடாதே என்றுதானே பாவா சொன்னார்? நான் தொடவில்லை. சாமிதான் தொட்டார்.) அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக ஒரு பொட்டு மட்டும் வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அந்த ஒரு பொட்டு எனக்குப் போதவில்லை. விபூதியை அள்ளிப் பெட்டி முழுக்கப் பட்டை அடித்தேன். சந்தனம் குழைத்துத் தடவினேன். கையில் பன்னீர் பாட்டில் இருந்தது. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவனைப் போல நாலு பக்கமும் தெளித்தேன். இதெல்லாம் நடக்கும்போது ஆம்ப்ளிஃபையர் சும்மா இல்லை. பக்திப் பாட்டை உச்சத்தில் வைத்திருந்தேன்.

டப் என்று ஒரு சத்தம். பாட்டு நின்றது. டிக்கியிலிருந்து மெல்லியதாக, வெள்ளையாக, பன்னீர் வாசத்தோடு ஒரு புகை எழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் பேட்டரி வயரைப் பிடுங்கியிருப்பார்கள். நான் சாம்பிராணி என்று நினைத்தேன். யார் போட்டது, எப்போது போட்டது என்றெல்லாம் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் புகையை வாரிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என்னைப் பார்த்துப் பக்கத்துக் காரில் வந்த ஓர் அம்மாவும் ஒற்றிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வரிசையில் வந்தார். வாசம் பன்னீரிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகுதான் பாய்ந்துபோய்ச் சாவியைப் பிடுங்கினேன்.

மலையிலிருந்து இறங்கும்போது காரில் இருந்த அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை.

அன்று மாலை என் அடுத்த புத்திசாலித்தனம். செல்போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில் போட்டு வைப்பார்கள் அல்லவா? அதே வைத்தியம்தான், சைஸ்தான் பெரிசு என்று முடிவு செய்தேன். ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி அம்மாவின் அரிசி டிரம்மில் புதைத்தேன். மறுநாள் காலை அம்மா அரிசி அளக்கப் படியை உள்ளே விட, டங் என்றது. உள்ளே இருந்ததை இழுத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள். என் முகமே சொல்லியிருக்கும். நைனா (அப்பாதான்) மட்டும் சாப்பிடும்போது, சோறு வாசனையா கீதே, எந்தக் கடை அரிசி என்று விசாரித்தார்.

ஆம்ப்ளிஃபையர் பிழைக்கவில்லை. ஒரு பையில் போட்டு மூடிக்கொண்டு அரக்கோணம் ரோட்டில் இருந்த ஆபிரகாம் அண்ணன் கடைக்குப் போனேன். சுற்றுவட்டாரத்தில் ஆம்ப்ளிஃபையர் என்றால் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் சவுண்டு அவர் பொறுப்பு. வேலையில் சுத்தம், பேச்சில் சிக்கனம். வந்த பொருளை எடுத்ததும் திறக்க மாட்டார். டாக்டர் மாதிரி முதலில் கேள்விதான்.

என்ன ஆச்சு என்றார். தானாக நின்றுவிட்டது என்றேன். தண்ணீர் பட்டதா என்றார். சேச்சே என்றேன். சரி என்று திருப்புளியை எடுத்தார். மூடியைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்துத் தட்டினார்.

முதலில் அரிசி விழுந்தது. ஒரு கைப்பிடி இருக்கும். பிறகு விபூதி. பிறகு காய்ந்த சந்தனம், பொருக்கு பொருக்காக. கடைசியில் மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு சாமந்தி இதழ். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"தம்பி, பொய் சொன்னா என்னால ரிப்பேர் பண்ண முடியாது. ஒண்ணொண்ணா சொல்லு."

சொன்னேன். பூஜை, பன்னீர், அரிசி டிரம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஆங், ஆங் என்று தலையாட்டி, ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

"புகை வந்துதா?"

"வந்துதுண்ணா."

"வந்தப்ப நீ இன்னா பண்ண?"

"கும்பிட்டேண்ணா."

அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

பவர் கொடுக்கிற பக்கத்தில் இருந்த டிரான்சிஸ்டர்கள் வெந்துபோயிருந்தன. ஒன்று போனாலும் கூட இருக்கிறதையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வெடிக்கும், பார்ட்ஸ் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார். சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று கெஞ்சினேன். வேலை முடிந்தால்தான் முடியும் என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அவர் கடை வாசலிலேயே பழி கிடந்தேன். பெயின்ட் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துச் சந்தனத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். புது டிரான்சிஸ்டர்களைப் பற்ற வைத்து, ஓடவிட்டு, சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகுதான் மூடியைப் போட்டார், காரைக் கொண்டுவரச் சொல்லித் தானே டிக்கியில் மாட்டியும் கொடுத்தார். மனிதரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. (அந்த வாரம் எனக்கு அது ஒரு வியாதியாகவே ஆகியிருந்தது.)

சனிக்கிழமை பொதட்டூர்பேட்டையில் காரை ஒப்படைத்தேன். பாவா உட்கார்ந்து பாட்டைப் போட்டார். கார் அதிர்ந்தது, எதிர்வீட்டுத் தறிக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது. பாவா முகம் மட்டும் மலரவில்லை.

"இடது பக்கம் கரகரன்னு ஒரு சத்தம் வருமே. எங்க காணோம்?"

ஆபிரகாம் அண்ணன் கேட்காத வேலையையும் செய்து வைத்திருந்தார். வேலையில் இவ்வளவு சுத்தம் ஒரு மனிதனுக்கு ஆகாது என்று அப்போது தோன்றியது. பாவா டிக்கிக்குப் போய் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி ஆம்ப்ளிஃபையரைத் திருப்பினார். அடியில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ரிப்பேருக்கும் காரணத்தை எழுதிப் பொருளின் அடியில் ஒட்டுவது அண்ணன் வழக்கமாம். மறுபடி வந்தால் உதவுமாம். அது எனக்குத் தெரியாது.

பாவா அதை வீட்டுக்குள் எடுத்து வந்து, அக்கா, அவர் அம்மா, தண்ணீர்ச் சொம்போடு நின்ற ஹேமா எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார்.

"கோளாறு: பவர் பகுதி எரிந்தது. காரணம்: பன்னீர், விபூதி, சந்தனம். உள்ளே அரிசி இருந்தது. புகை வந்தபோது வாடிக்கையாளர் கும்பிட்டார்."

எரிச்சதைக்கூட விடு, மறைச்சியே என்றார் பாவா. குரலில் வருத்தம் இருந்தது. தப்புதான் பாவா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், இந்தப் பேச்சை இனிமேல் யோசித்துத்தான் எடுக்க வேண்டும் என்று அவர் அம்மாவிடம் சொன்னார். எந்தப் பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஹேமா சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முந்தானையால் வாயை மூடியும் நிற்கவில்லை.

"யோசிக்க ஒண்ணும் இல்லண்ணா. எனக்குச் சமையல் வராதுன்னு உனக்கே தெரியும். நாளைக்கு அடுப்புல புகை வந்தா, திட்டாம கும்பிடுற ஆளு வேற எங்க கிடைப்பான்?"

பாவா சீட்டை இன்னொரு தடவை படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவருக்கும் அடக்க முடியவில்லை.

ஆடி கழிந்து கல்யாணம். ஆபிரகாம் அண்ணன்தான் சவுண்டு. முதல் பத்திரிகையை மலைமேல் வைத்தேன், இரண்டாவதை அவர் கடையில்.

ஹேமா சமையலைப் பற்றிச் சொன்னது தன்னடக்கம் இல்லை என்பது முதல் வாரமே தெரிந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் தோசைக்கல்லிலிருந்து புகை கிளம்பினால், என் மகள் படித்துக்கொண்டிருக்கிற இடத்திலிருந்தே, அப்பா, சாம்பிராணி போட்டாச்சு, வந்து கும்பிட்டுக்கோ என்று குரல் கொடுப்பாள். நானும் எழுந்து போய் இரண்டு கையாலும் வாரிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு இல்லை.