இருபத்தொன்பது ஐஞ்சும் ஒரு உண்மையும்

அந்த ஒரு படிவத்தை நிரப்பினது நீங்கள்தான். ஆர் எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். என்ர கடையில நிண்டு, என்ர பேனையால என்னையே போட்டுக்குடுத்திட்டுப் போயிருக்கிறியள்.

மற்ற ஆக்களுக்கு நடந்ததைச் சொல்லுறன்.

என்ர மகள் ஆரணிக்குப் பல்கலைக்கழகத்தில ஒரு ஆராய்ச்சி வேலை வாற மாதிரி இருந்தது. யூதர்கள் மேல சனத்துக்கு எவ்வளவு வெறுப்பு இருக்கு, அவையின்ர மதச் சட்டத்தைப் பற்றி என்ன நினைக்கினம் எண்டு நேர ஆக்களிட்டையே கேட்டு ஆராயிற வேலை. மூண்டு வருசம். அதுக்கு முதல் ஒரு சோதினை. முப்பது பேரிட்டைப் படிவம் நிரப்பிக்கொண்டு போகவேணும்.

டென்மார்க்கில, ஹேர்னிங் எண்ட ஊரில இருக்கிற என்ர மரக்கறிக்கடைக்குச் சனிக்கிழமையில அவ்வளவு பேர் வருவினம்.

"அம்மா, படிவத்தைக் குடுங்கோ. உறையை ஒட்டித் தந்தா பெட்டியில போடுங்கோ. வாய் மட்டும் திறக்கக்கூடாது" எண்டாள்.

வாய் திறக்கக்கூடாதாம். நான் எட்டாம் வகுப்போட நிண்டவள். மிச்சப் படிப்பெல்லாம் எஸ்பியர்க் மீன் தொழிற்சாலையில மீன் வெட்டி, வாயாலதான் படிச்சனான்.

முதல் ஆள் பஸ் ஓட்டுற சிவம் அண்ணை. பக்கத்து வீட்டுக்கு ஒரு யூதக் குடும்பம் வந்தால் உங்களுக்கு எவ்வளவு சம்மதம்? ஒண்டில இருந்து ஐஞ்சு வரைக்கும் புள்ளடி போடலாம், ஐஞ்சு எண்டால் முழுச் சம்மதம். அண்ணை மூண்டுக்குப் போனார்.

"என்ன அண்ணை மூண்டு?"

"ஆர் வந்தாலும் எனக்கு மூண்டுதான் பிள்ளை. நீ வந்தா ரெண்டு."

"பிள்ளையின்ர வேலை விசயம். ஐஞ்சு போடுங்கோ."

"சரி, நாலு."

"ஐஞ்சு. ஒரு பிடி முருங்கையிலை வைக்கிறன்."

ஐஞ்சு போட்டார்.

அதோட எனக்குப் பேய் பிடிச்சிட்டுது. பேரம் எண்டு வந்தால் நான் அப்பிடித்தான். வாற ஆளெல்லாத்தையும் ஐஞ்சுக்கு ஏத்தினன்.

முதியோர் இல்லத்தில வேலை செய்யிற ராணி அக்கா மட்டும் சட்டக் கேள்வியில மல்லுக்கு நிண்டா. சனிக்கிழமை எங்கட மதத்தில ஓய்வுநாள், வேலைக்கு வரேலாது எண்டு ஒரு யூதர் சொன்னால் முதலாளி விடவேணுமோ?

"நானும் சனி விரதத்தோடதானே அங்க ஆக்களைத் தூக்கிக் குளிக்க வாக்கிறன். எனக்கு ஆர் லீவு தந்தது?"

"விடவேணும் எண்டு போடுங்கோ அக்கா."

"அப்ப எனக்கும் விடச்சொல்லு."

"முதல்ல அவைக்குக் கேப்பம். அவைக்குக் கிடைச்சா உங்களுக்கும் கேக்கலாம்."

அது அவவுக்கு நியாயமாப் பட்டுது. போட்டா.

பின்னேரம் மகள் வந்து உறையளைத் திறந்தாள். ஐஞ்சு, ஐஞ்சு, ஐஞ்சு. சோதினையில பிள்ளைக்கு நூறு எடுத்துக் குடுத்திட்டன் எண்டு நான் தேத்தண்ணி ஊத்தினன்.

அவள் டெனிஷ் கதைக்கத் தொடங்கினாள். அவளுக்கு உண்மையான கோவம் அந்தப் பாசையிலதான் வரும்.

பிறகு தமிழில கேட்டாள். "அம்மா, என்ன செய்தனீங்கள்?"

"எங்கட ஆக்கள் நல்ல ஆக்கள் எண்டு காட்டினன்."

"வெறுப்பு எங்க இருக்கெண்டு தேடத்தான் கேக்கிறம். நீங்கள் கூட்டித் துடைச்சு வைச்சிருக்கிறியள்."

கடைசி உறையில உங்கட படிவம். ஒண்டும் ரெண்டும் நாலும் கலந்து கிடந்தது. கீழ கருத்து எழுத விட்ட கட்டத்துக்குள்ள டெனிஷில எழுத்து. மகள் வாசிச்சுச் சொன்னாள்.

"கடைக்கார அக்கா பக்கத்தில நிண்டு ஐஞ்சு போடச் சொல்லுறா. தலையாட்டிக்கொண்டு என்ர பதிலை எழுதுறன். எங்கட வேலையிடத்தில சாப்பாட்டு நேரம் யூதர்களைப் பற்றிப் பகிடி விடுவினம். நானும் சிரிச்சிருக்கிறன். எங்களைப் பற்றி விட்டாலும் சிரிக்கிறன்."

மீன் தொழிற்சாலையில நானும் அப்பிடிச் சிரிச்சனான். அதை மகளுக்குச் சொல்லேல்லை.

அவள் நடந்ததெல்லாத்தையும் பேராசிரியருக்கு அப்பிடியே எழுதினாள். பதில் வந்தது. இருபத்தொன்பதும் குப்பை. அந்த ஒண்டு மட்டும் ஆராய்ச்சி. அந்த ஆள் தானா விரும்பி வந்து ஒரு மணித்தியாலம் கதைச்சால், சோதினை பாஸ். ஆனா தேடிப் பிடிக்கக்கூடாது, பேர் இல்லாமல் எழுதினவரின்ர பேரைக் கிண்டுறது குற்றம்.

கலியாணச் சாமானுக்கு ஆக்கள் எழுதித் தந்த துண்டுகளோட உங்கட எழுத்தை ஒருக்கா ஒப்பிட்டுப் பார்த்தனான்தான். மகள் பறிச்சுப்போட்டாள்.

அதால எல்லாரும் பாக்கிற மாதிரி இஞ்ச எழுதுறன். கெடுத்தது நான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா இனி அதைத் திருத்தக்கூடிய ஆள் உலகத்தில நீங்கள் ஒராள்தான். வியாழக்கிழமைக்குள்ள ஆரணிக்குப் போன் எடுங்கோ. வீட்டுக்கு வாங்கோ, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.

அந்த ஒரு மணித்தியாலமும் நான் வெளியில, காருக்குள்ள, கண்ணாடியை ஏத்திப்போட்டு இருக்கிறன். காரைப் பூட்டின திறப்பு மகளிட்ட இருக்கும்.