சித்தப்பா நடத்திய கணக்கு வகுப்பு

தேநீரை நீட்டிய கையோடு ராஜினாமாவையும் கணவனிடம் நீட்டினாள் அவள்.

"இனிமே அவளுக்கு என்னால சொல்லிக்குடுக்க முடியாது. வேற ஆளைப் பாருங்க."

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். எதையும் உற்றுப் பார்த்துப் பழகியவன். "நேத்து கத்தினதுக்காகவா?" என்றான்.

அதற்காகத்தான். மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறேன் என்று அலுவலக வேலையை உதறிவிட்டு உட்கார்ந்தவள் அவள். ஆரம்பத்தில் ஆர்வம் கரை புரண்டது. உலக உருண்டை வந்தது; சுவரெல்லாம் படங்கள் ஏறின. போகப்போகத் தொண்டைத் தண்ணீரோடு ஆர்வமும் வற்றிவிட்டது. நேற்று பின்னக் கணக்கு மறுபடியும் தப்பானதும், "உனக்குச் சொல்லிக்குடுத்தே என் வாழ்க்கை வீணாப் போச்சு!" என்று கத்திவிட்டாள்.

மகள் அழவில்லை. பென்சிலைச் சீவத் தொடங்கியவள், பென்சில் தீரும்வரை சீவிக்கொண்டே இருந்தாள்.

கொட்டிய சொல்லை அள்ளவா முடியும்? இந்த வாய்க்கு முன்னால் அந்தக் குழந்தை உட்காரவே வேண்டாம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"சரி, தம்பியை வரச் சொல்றேன். அவன் கார் பட்டறையில கிடக்கு, சும்மாதான் இருக்கான்" என்றான் கணவன்.

வாடகைக் கார் ஓட்டும் தம்பி மறுநாளே வந்து, கூடத்தில் வகுப்பைத் தொடங்கினான். அவள் படுக்கையறையில் காலை நீட்டிப் படுத்தாள். மனசு கேட்கவில்லை. கட்டில் கிறீச்சிட எழுந்து கதவோரம் போய்க் காதை வைத்தாள்.

"பூமி ஏன் நிக்காம சுத்துது தெரியுமா? எங்கேயும் பார்க்கிங் கிடைக்கல!"

மகள் கலகலவென்று சிரித்தாள். தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

மறுநாள் தேநீர் கொடுக்கும் சாக்கில் கூடத்துக்குப் போய், தானும் ஒரு ஜோக்கை எடுத்துவிட்டாள். "ஒரு ஆப்பிளை ரெண்டா வெட்டினா என்ன கிடைக்கும்? கத்திக்கு வேலை கிடைக்கும்!"

மகள் பவ்யமாக நிமிர்ந்தாள். "இது பாடமாம்மா? எழுதிக்கணுமா?"

மூக்கு உடைந்து திரும்பினாள். சிரிப்பு காதில் விழாமல் இருந்தால் போதும் என்று வகுப்பைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னாள். பின்னறை ஜன்னல் அடுக்களையைப் பார்த்துத் திறந்திருந்தது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இவள் பாத்திரத்தைத் தொட்டால் அங்கே சிரிப்பு. குழாயைத் திறந்தால் சிரிப்பு. அடுப்பில் பால் வழிந்தோடியது.

"நீதானே ஓய்வு கேட்ட? அவளும் சந்தோஷமா இருக்கா. நீயும் சந்தோஷமா இரேன்" என்றான் கணவன்.

"இருக்கேனே!" என்று தட்டை ணங்கென்று வைத்தாள்.

அன்று பிற்பகல் ஜன்னல் வழியே பாடம் மிதந்து வந்தது. "அரையும் காலும் எவ்வளவு? மேல இருக்கறதை மேல கூட்டு, கீழ இருக்கறதைக் கீழ கூட்டு. ஆறுல ரெண்டு. முடிஞ்சுது கதை!"

கரண்டியும் கையுமாக உள்ளே பாய்ந்தாள். "என்னங்க அநியாயம் இது? அரையோட காலைச் சேர்த்தா அரையைவிடக் குறைஞ்சு போகுமா?"

"அப்போ நீங்களே சொல்லிக்குடுங்க அண்ணி" என்று அவன் விடுதலையான கைதியைப் போல எழுந்து வெளியே போனான்.

அவள் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய செய்தித்தாளை மடித்தாள். மகள் தாளைத்தான் பார்த்தாளே தவிர, அவளைப் பார்க்கவில்லை.

"அன்னைக்குச் சொன்னேனே, வீணாப் போச்சுன்னு..."

"ம்."

"அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. அது உண்மையும் இல்ல."

மகள் தாளை வாங்கி இன்னொரு மடிப்பு மடித்தாள். பிறகு பிரித்து, கட்டங்களை விரலால் தொட்டாள். "அரைக்குள்ள ரெண்டு கால் இருக்கு. இன்னொரு காலைச் சேர்த்தா மூணு கால்." சட்டென்று கண்கள் விரிந்தன. "அம்மா! அதனாலதான் அதுக்கு முக்கால்னு பேரா?"

இத்தனை வருடமாக முக்கால் முக்கால் என்று சொல்லி வந்தவளுக்கு அது தோன்றியதே இல்லை. "ஆமாடா!" என்று அவளும் கத்தினாள். அடுத்து எதைச் சொல்லித்தரலாம் என்று மனசு வெகுநாளைக்குப் பிறகு பரபரத்தது.

வாசலில் கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். வழியனுப்பப் போனவளுக்கு ஓரத்தில் ஒட்டியிருந்த பொறாமை வாயில் வந்துவிட்டது. "என்ன இருந்தாலும் உங்ககிட்ட சிரிச்ச மாதிரி அவ என்கிட்ட சிரிக்க மாட்டா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அட போங்க அண்ணி, நீங்க நிம்மதியா ஓய்வு எடுக்கணும்னு, உங்க சத்தம் கேட்டாத்தான் அவ சிரிப்பா; நீங்க அந்தப் பக்கம் போனதும் விட்ட இடத்துலேருந்து அழ ஆரம்பிச்சிடுவா."