ஜீவானந்தம் பேரில் ஏறிய மலை

அநியாயம் நடந்தது ரேணுகாதேவிக்கு. செய்தவன் அவள் கணவன் ஜீவானந்தம். மலை ஏறியது அவள். ஏறிய மலை முழுக்கப் பதிவானது அவன் பேரில். பிள்ளையைப் பெறுவது ஒருத்தி, இனிஷியல் இன்னொருத்தருடையது என்பது நம் நாட்டில் பழகிப்போன விஷயம்தான். ஆனால் கால்வலிக்கும் இனிஷியல் மாறும் என்று சந்தவாசலில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது.

ஜீவானந்தத்துக்குச் சந்தவாசல் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை. கடையில் கூட்டம் குறைவு, போன் பார்க்க நேரம் அதிகம். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தை மாத மதியத்தில் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. படவேட்டில் புறப்பட்டு, ஜவ்வாது மலை ஏறி, மேலே ஊர் ஊராகச் சுற்றி, பொழுது சாய்வதற்குள் மறுபடி படவேட்டில் வந்து இறங்க வேண்டும். மலையோட்டப் போட்டி. நினைத்தவர்கள் எல்லாம் சேர்ந்துவிட முடியாது. மலையில் பயிற்சி எடுத்ததை ஓட்டக்காரர்கள் கட்டும் வாட்சில் பதிவுசெய்து காட்ட வேண்டும்.

அன்று சாப்பிடும்போதே அறிவித்துவிட்டான்.

"ரேணு, நான் மலை ஓடப்போறேன்."

"யாரு தொரத்துறாங்க?"

"யாரும் தொரத்தல. இது போட்டி."

"மேல ஓடிப்போய் இன்னா பண்ணுவீங்க?"

"திரும்பி ஓடியாருவேன்."

"அதுக்கு வூட்லயே இருக்கலாமே."

மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மலையின் அருமை தெரியவில்லையே என்று ஜீவானந்தம் வருத்தப்பட்டான். வருத்தத்தோடு இன்னொரு கரண்டி குழம்பும் ஊற்றிக்கொண்டான். மறுநாள் வாட்ச் வந்தது, பச்சைக் கலரில் ஷூ வந்தது. மாதையன் டீக்கடையில் நின்று, மெடலோடுதான் இனி இந்த பெஞ்சில் உட்காருவேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு மலைப்பாதையில் கால் வைத்தான்.

முதல் வளைவில் மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில், வாங்கிய மூச்சு திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்தான். மேயப் போன ஆடுகள் அவனைத் தாண்டிப் போயின. கடைசி ஆடு மட்டும் நின்று, திரும்பி, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பார்வையை அவனால் மறக்கவே முடியவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் டிவிஎஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டார்.

முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தபோது வாசலில் ரேணுகாதேவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். புளி உலுக்கும் காலம். அவள் அம்மா பெரியம்மாள் மலைமேல் ஒண்டியாக இருக்கிறாள், மரங்கள் நிறைய. பஸ் எப்போதாவதுதான். அதனால் காலையில் சோற்றை வடித்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறுவாள். மேலே நாலு ஊர் நடந்து ஆள் கூப்பிட்டு, மரம் மரமாக உலுக்கிப் பொறுக்கி, சாயங்காலம் தலையில் புளிக்கூடையோடு இறங்குவாள். இறக்கத்தில் அவள் கால் நடக்காது, ஓடும். ஏனென்றால் கீழே மாடு மடி கனத்துக் கத்திக்கொண்டிருக்கும். ஜீவானந்தமும் காபிக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஜீவானந்தம் வாட்சை எடுத்துக்கொண்டு படுக்கையை விட்டு எழுந்தான்.

"ரேணு, கையக் காட்டு."

"எதுக்குங்க?"

"உனக்குத்தான் வாங்கினேன். ஒண்டியா மலைக்குப் போற. நாடித்துடிப்பு எல்லாம் காட்டும். உன் ஒடம்ப நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க?"

அவள் கையை நீட்டினாள். கல்யாணமானதிலிருந்து அந்தக் கைக்கு வளையலையும் பாத்திரத்தையும் தவிர அவன் வேறெதுவும் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டு காந்தாவிடம் போய்க் காட்டிவிட்டுத்தான் மலையேறினாள். காந்தா அன்று தன் புருஷனுக்குச் சோறு போடவில்லை என்று கேள்வி.

இதற்குப் பேர் அன்பு இல்லை, ஆள்மாறாட்டம். பரீட்சையில் இதைச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தில் செய்தால் கெட்டிக்காரன் என்கிறார்கள்.

சாயங்காலம் வாட்ச் வீட்டுக்கு வந்ததும் போனோடு சேர்த்து, அவள் ஏறிய தூரத்தைத் தன் பேரில் போட்டான். மலையோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழு அதிர்ந்துபோனது. "ஜீவா அண்ணா, ஏத்தத்துல கூட நிக்கவே இல்லியே." "இறக்கத்துல இன்னா வேகம்ண்ணா." அவன் அடக்கமாக, "எல்லாம் மூச்சுப் பயிற்சிதான் தம்பி" என்று பதில் போட்டான். சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டே, தொடை வலிக்கு என்ன செய்வது, மலையில் தண்ணீர் எப்படிக் குடிப்பது என்றெல்லாம் குரல் பதிவில் ஆலோசனை சொன்னான். டீக்கடை எதிரே ஃப்ளெக்ஸ் எழும்பியது. கூலிங் கிளாஸ் போட்ட ஜீவானந்தம், பின்னால் பாயும் ஒரு விலங்கு, கீழே 'சந்தவாசலின் சிறுத்தை'. ஆடு பார்த்த பார்வைக்கு அதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு நாள் ரேணுகாதேவி கூடையை இறக்கியதும் இறக்காததுமாகக் கேட்டாள்.

"இன்னாங்க, இந்த வாட்ச்சு பேசுது."

ஜீவானந்தத்துக்குக் காபி புரையேறியது. "இன்னா பேசுது?"

"கொஞ்ச தூரம் போனா 'குட் ஜாப்'னுது. அப்புறம் ஒரு பேரு சொல்லுது. ஜீ-ன்னு ஆரம்பிச்சு நண்டுல முடியுது."

"ஜீவா... நண்டா?"

"நான் சொல்லலப்பா. நீங்களே சொல்லிக்கினீங்க."

சொல்லமாட்டாள்தான். கல்யாணமான புதிதில் ரேஷன் கடையில் புருஷன் பேரைக் கேட்டார்கள் என்று பளிச்சென்று சொல்லிவிட்டாள். கடையிலிருந்து வீடு வரைக்கும் அவன் திட்டிக்கொண்டே வந்தான். பொண்டாட்டி புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும், உங்கள் மலையில் இதெல்லாம் சொல்லித்தரவில்லையா என்று. அன்றிலிருந்து கொரியர்காரனிடம்கூட 'கடைக்காரரு' என்றுதான் சொல்வாள். பேரில் ஆயுசு இருக்கிறதா என்று யாரும் சோதித்ததில்லை. இருந்தால் புருஷன் தன் பொண்டாட்டி பேரைத் தெருவெல்லாம் கத்திக் கூப்பிடுகிறானே, அவள் ஆயுசு என்ன ஆவது என்றும் யாரும் கேட்டதில்லை.

"அது ஒண்ணுமில்ல ரேணு. ஆசையா என் பேர வச்சிக் குடுத்தேன். நான் கூடவே வர்ற மாதிரி இருக்கட்டும்னு."

"வாட்ச்சு சொல்லலாமா உங்க பேர?"

"அதுக்கு இன்னா, நான் தாலியா கட்டியிருக்கேன்?"

"அதானே" என்றாள் ரேணுகாதேவி. மணிக்கட்டைத் திருப்பிச் சற்று நேரம் பார்த்தாள். மறுநாளிலிருந்து இன்னும் தள்ளியிருந்த ஊர்களுக்கும் போய்வர ஆரம்பித்தாள். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை. தூரம் ஏறினால் போதாதா அவனுக்கு?

பங்குனி வந்தது. போட்டிக்குத் தேர்வானவர்களில் அவன் பேர் முதல் பேர்களில் ஒன்று. இத்தனைக்கும் அவன் திட்டம் போட்டது தேர்வாவதற்குத்தான், ஓடுவதற்கு இல்லை. போட்டிக்கு முந்தின நாள் காலையில் குளியலறை வாசலில் "அம்மா" என்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் ஜீவானந்தம் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டுப்போடத் துணிகூடத் தயாராக மடியில் இருந்தது.

"சுளுக்கிக்கிச்சு ரேணு. என் கனவே போச்சு."

"ஐயையோ. எந்தக் காலுங்க?"

"இடது... இல்ல, வலது."

"ரெண்டுமா?"

"நீ ஒண்ணு பண்ணு. படவேட்டுக்குப் போய் வாட்ச்சக் காட்டு. இந்த மாதிரி, கால் சுளுக்குன்னு சொல்லிட்டு, டீ-சர்ட்டும் நம்பர் அட்டையும் மட்டும் வாங்கிக்கினு வந்துடு. போட்டோ எடுத்து குரூப்புல போடணும்."

"போய்ட்டு வர்றேங்க" என்று பஸ் ஏறினாள்.

சாயங்காலம் பையோடு வந்தாள். கட்டிலில் காலை நீட்டியிருந்தவன் ஆசையாகப் பிரித்தான். டீ-சர்ட் அவன் தொப்பைக்குப் பாதிகூடக் காணாது. நம்பர் அட்டையை எடுத்தான். எண்ணுக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ரேணுகாதேவி'.

கட்டிலிலிருந்து குதித்தான். இரண்டு காலும் தரையில் பட்டன.

"கால் சரியாய்டுச்சு போல" என்றாள் அவள்.

"காலை வுடு. இது இன்னா பேரு?"

"என் பேருங்க. அங்க அட்டை எழுதிக் குடுக்குற பூவிழின்னு ஒரு பொண்ணு வாட்ச்ச கேட்டுச்சு, கழட்டிக் குடுத்தேன். கையில பாருங்க, வெயில்ல வாட்ச் தடம் எப்டி வெள்ளையா கீதுன்னு. அதப் பாத்துட்டு, 'இதக் கட்டிக்கினு மலை ஏறுனது நீங்களாக்கா'ன்னுச்சு. ஆமான்னேன். நீயே ஓடுக்கான்னுச்சு. சரின்னுட்டேன். பேரு கேட்டுச்சு, சொன்னேன்."

"அடிப்பாவி. வெளிய ஃப்ளெக்ஸு கட்டிக் கீதே. ஊரு இன்னா சொல்லும்?"

"சிறுத்தைன்னுதான போட்டுக் கீது. ஆணா பொண்ணான்னு போடலியே."

"அந்தப் பொண்ணு பேரு கேட்டப்போ, வாயத் தொறந்து என் பேரச் சொல்றதுக்கு உனக்கு இன்னா கேடு?"

ரேணுகாதேவி நம்பர் அட்டையை அவன் கையிலிருந்து பதமாக வாங்கி டீ-சர்ட்டில் வைத்து ஊக்குக் குத்தினாள்.

"பொண்டாட்டி வாயால பேரச் சொன்னா புருஷன் ஆயுசு கொறையும்னு நீங்கதானங்க சொன்னீங்க? நாளைக்கெல்லாம் நான் மலை மேல இருப்பேன். மாட்டக் கறக்க நீங்க உசுரோட வேணும் இல்லீங்களா?"